மெசின் காக்கா ஜின் பார்த்த கதை

கல்முனைத் தியேட்டரில் படத்தைவிடச் சத்தமாகக் கதைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்: மெசின் காக்கா. சம்மாந்துறை வயல்களில் உழவு மெசின் ஓட்டி, அந்த இரைச்சலுக்கு மேலால் பேசிப் பழகிய தொண்டை. காதோடு அவர் ஒன்று சொன்னால் நற்பிட்டிமுனையில் கோழி விழித்துக்கொள்ளும்.

எழுபதுகளின் கடைசி அது. மந்திரப் படம் எது வந்தாலும் காக்கா மெசினில் இழுவைப் பெட்டியைக் கொழுவி, பாய் விரித்து, பொஞ்சாதியை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். காக்கா எங்களுக்கு அண்ணன் முறை, அவர் பொஞ்சாதி ராத்தா. பறக்கும் கம்பளம், பேசும் குதிரை என்றால் ராத்தாவுக்கு உயிர். ஜின் பூதம் வந்தால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். வில்லங்கம் அங்கேதான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே பலகைத் தட்டி. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து ராத்தா கேட்பார்:

“இஞ்சேருங்க, ஜின் பொயித்தா?”

“இன்னும் நிக்கிது புள்ள. கண்ணத் துறந்திராத.”

கதாநாயகி செத்துக் கிடக்கும் இடத்திலும் தியேட்டர் சிரிக்கும். ஒருநாள் மனேஜர் பொறுமை இழந்து, ராத்தா வரலாம், காக்கா இனி வரக்கூடாது என்றுவிட்டார். காக்காவின் முகம் செத்துப்போனது. எங்கள் வழக்கப்படி அவர் இருந்தது பொஞ்சாதி வீட்டில். மாமன், மாமி, மச்சினிமார் நிறைந்த அந்த வீட்டில் புருஷனும் பொஞ்சாதியும் தனியாக இரண்டு வார்த்தை பேச வழியில்லை. பாவம், ஊரே கேட்கக் கத்தினாலும் அவர்கள் தங்கள் பாட்டுக்குக் கதைத்த ஒரே இடம் இந்தத் தியேட்டர்தான்.

அடுத்த படத்துக்கு ராத்தாவை உள்ளே அனுப்பிவிட்டு, காக்கா கேற்றடியில் நின்றார். ஜின் வந்தது. ராத்தா கண்ணை மூடிக் கேட்டார். எவனோ ஒரு குறும்பன் போய்விட்டது என்று சொல்ல, நம்பித் திறந்தார். ஜின் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் போட்ட அலறலில் படம் ஓட்டுபவர் படத்தையே நிறுத்திவிட்டார்.

லைட் போட்டும் ராத்தா கண் திறக்கவில்லை. பெண்கள் எல்லோரும் சத்தியம் செய்து பார்த்தார்கள். மனேஜர் வந்து கெஞ்சினார்.

“அவர் சொன்னாத்தான் துறப்பன்” என்றார் ராத்தா. “நீங்க எல்லாரும் பொய்க்காரர்.”

விசில் பறந்தது. காக்காவைக் கூட்டி வரச்சொல்லி ஆண்கள் பக்கம் ஒரே கூச்சல். மனேஜரே கேற்றடிக்கு ஓடினார். காக்கா லேசில் மசிவாரா? தட்டியில் ஒரு பலகையைக் கழற்றினால்தான் வருவேன் என்றார். கழற்றினார்கள். ராத்தாவை அந்த ஓரத்து வாங்கில் இருத்தினார்கள். காக்கா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை போல நடந்து வந்து, ஆண்கள் பக்கம் இருந்த எனக்குப் பக்கத்தில், பலகை கழற்றிய இடைவெளியோரமாக அமர்ந்தார். தியேட்டரே கைதட்டியது. நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

“பொயித்து புள்ள. நான் வந்திட்டன்.”

ராத்தா கண் திறந்தார். படம் மறுபடி ஓடியது. ஜின்னும் மறுபடி வந்தது. இடைவெளி வழியாக ஒரு கை வந்து காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டது. நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். வயலில் பாம்பை வெறுங்கையால் தூக்கி எறிகிற மனிதருக்கும் ஜின் என்றால் பயம்தான். ஒரு கண்ணை இறுக மூடியிருந்தார். பொஞ்சாதிக்குச் சொல்ல வேண்டுமே என்று மற்றக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.