எறும்புத்தின்னிக்கு ஓர் உட்குழு

படார் என்று மாடிக் கதவு திறந்த சத்தத்தில்தான் உயிரியல் என்னும் மகத்தான சாஸ்திரம் சிங்கப்பூரில் பிறந்தது. அதற்கு முன்பே மேல்நாட்டில் யாரோ சிலர் விலங்குகளையும் செடிகொடிகளையும் இனம் பிரித்து அடுக்கிப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். அவர்களிடம் உட்குழுக்கள் இருந்தனவா என்பதே என் கேள்வி.

எங்களிடம் இருந்தன. 'சிராங்கூன் ரோடு உயிரினக் காப்பு மற்றும் வகைப்பாட்டு மன்றம்', டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில், 1962 முதல் உயிரினங்களைக் காத்து வருகிறது. பெயர்ப்பலகையின் பிற்பாதி பக்கத்துக் கடை வாசல்மேல் போய்விட்டதால், அந்த ஜவுளிக்காரர் அதன்மேல் கைலி தொங்கவிட்டிருக்கிறார். ஆகவே எங்கள் 'வகைப்பாட்டை' உலகம் இன்னும் சரியாக அறியவில்லை.

நான் செயலாளர். தலைவர் திரு. மருதப்பன், காடு வெட்டி மேட்டைச் சமப்படுத்தித் தரும் காண்டிராக்டர். இந்தத் தீவில் ஒவ்வொரு மரத்தையும் வேர்வரைக்கும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அப்படிப்பட்டவரை விட்டு வேறு யாரைத் தலைவராகப் போடுவது?

சண்டை போட்டு இரண்டாகப் பிரியாத தமிழ்ச் சங்கம் எங்களுடையது. யாராவது கோபித்துக்கொண்டால் உடனே ஓர் உட்குழு அமைத்து அவரை அதற்குத் தலைவராக்கிவிடுவோம். இப்படித்தான் மீன் உட்குழு, ஆட்டு உட்குழு, கோழி உட்குழு, காய்கறி உட்குழு எல்லாம் உண்டாயின. தேக்கா மார்க்கெட்டில் ஓர் உயிர் எந்தக் கடையில் விற்கிறதோ, அதுவே அதன் இனம். இறாலும் நண்டும் தவளையும் மீன்கடையில் கிடைப்பதால் மீன்கள். வண்ணத்துப்பூச்சியை யாரும் விற்பதில்லை. எனவே அது உயிரினம்தானா என்பது 'பரிசீலனையில்' உள்ளது.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் மனோரஞ்சிதம் டீச்சர். பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். மன்றத்தில் உயிரியல் படித்தவர் அவர் ஒருவரே என்பதால், நடுநிலை கருதி அவருக்கு உட்குழு எதுவும் தரப்படவில்லை. காலெல்லாம் செம்மண். கையில் ஒரு பிரம்புக் கூடை.

"தலைவர், உங்கட ஆக்கள் மார்சிலிங் காட்டில மரம் தறிக்கேக்க இது விழுந்தது," என்றார். "வாலில குட்டி ஒண்டு ஒட்டிக்கொண்டிருக்கு. ஓடைக்கரையில கொஞ்சம் பழைய மரம் மிச்சமிருக்கு. அதையாவது விட்டுவையுங்கோ. இல்லாட்டி இதுகள் ரெண்டும் பட்டினியில செத்துப்போகும்."

"அப்ப அங்க வேலை நிக்குதா? யாரு நிறுத்தினா?" என்று கேட்டார் தலைவர். குரலில் எவ்வளவு அக்கறை.

"நான்தான். மரத்துக்கு முன்னால போய் நிண்டன். ஆக்களை வேலை வாங்கிற மண்டோர் நல்ல மனுசன். முதலாளி ஒரு சொல்லுச் சொன்னா விட்டுடுறம் எண்டு ஆக்களை உக்கார வச்சிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கோ, நான் உடனே திரும்பிப் போறன்."

"சொல்லிடலாம் டீச்சர். அதுக்குத்தானே மன்றம் இருக்கு," என்றார் தலைவர். பிறகு என் பக்கம் சாய்ந்து, "செயலாளர், முறைப்படி நடத்துங்க. ஒண்ணும் விட்டுப்போகக்கூடாது," என்றார்.

நான் எதையும் விடவில்லை. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, சென்ற கூட்ட அறிக்கை, அதன்மீது திருத்தம், திருத்தத்தின்மீது வருத்தம் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்த பிறகே கூடையைத் திறக்க அனுமதித்தேன்.

உள்ளே செதில் செதிலாக ஒரு பந்து.

ஆட்டு உட்குழுத் தலைவர் அப்துல் கஃபார் எட்டிப்பார்த்தார். தேக்காவில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர். "இது பலாப்பழம்லா. காய்கறிக்காரங்களைக் கூப்பிடுங்க."

"எறும்புத்தின்னி," என்றார் டீச்சர். "பயந்தா இப்பிடித்தான் சுருண்டுகொள்ளும்."

"செதில் இருக்குதே. அப்ப மீன்தான்," என்றார் மீன் உட்குழுத் தலைவர் பரமசிவம். துறைமுகத்தில் கிளார்க். சுத்த சைவம்.

"இது குட்டிக்குப் பால் குடுக்கிற விலங்கு."

"பால் குடுக்குதா? அப்ப என் உட்குழு," என்றார் கஃபார்.

"செதில் வச்ச ஆட்டை நீங்க எங்க பார்த்தீங்க பாய்?"

"நீங்க மரமேறுற மீனை எங்க பார்த்தீங்க? உங்க மீன்ல ஒண்ணாச்சும் ஏறியிருக்குமா, சொல்லுங்க."

"போன வருஷம் தவளையை எனக்கு விட்டுக்கொடுத்ததைச் சொல்லிக் காட்டுறீங்களா?"

"தவளையை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு அது வேணாம்லா."

இவ்வளவு உயர்ந்த விவாதம் நடக்கும்போது தலைவர் கீழே இறங்கி மளிகைக் கடைத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். உயிரினங்களுக்காக அந்த மனிதர் தம் சொந்த வேலைகளை எவ்வளவு சிரமப்பட்டுச் சமாளிக்கிறார் என்று நினைத்து என் நெஞ்சு நெகிழ்ந்தது.

டீச்சர் எழுந்து நின்றார். "எனக்கு இனமும் வேண்டாம், குழுவும் வேண்டாம். மரத்தை விடச் சொன்னா காணும். நான் போறன்."

"உக்காருங்க டீச்சர்," என்றார் தலைவர். "வெறும் வாய்வார்த்தையா சொன்னா நாளைக்கே மாறிடும். மன்றத் தீர்மானமா போட்டா யாரும் கை வைக்க முடியாது. அதுக்கு முதல்ல இது என்ன இனம்னு முடிவாகணுமில்ல? என்னன்னே தெரியாத ஒண்ணுக்கு எப்படிக் காட்டை எழுதிக் குடுக்கிறது?"

எவ்வளவு தெளிவான சிந்தனை. டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

கேசரி வந்தது. தட்டுகளைத் தேடிச் சுவரோரமாக எறும்புகளும் வந்தன. அப்போது பந்து மெல்ல விரிந்தது. கூரிய மூக்கு ஒன்று வெளியே நீண்டது. அதிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு நாக்கு புறப்பட்டு, வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வழித்துக்கொண்டு போயிற்று. பரமசிவம் நாற்காலிமேல் ஏறிவிட்டார். வாலில் குட்டி கண்ணை மூடிக்கொண்டு தொங்கியது.

"இப்ப விளங்குதோ?" என்றார் டீச்சர். "அதுக்கு இதுதான் சாப்பாடு. பழைய மரம் இருந்தாத்தான் புத்து இருக்கும். புத்து இருந்தாத்தான் இது இருக்கும்."

கஃபார் கொஞ்ச நேரம் குட்டியையே பார்த்தார். "பாவம்லா. தாயும் பிள்ளையும். நான் விட்டுக்கொடுக்கிறேன், எந்த இனமா வேணும்னாலும் போட்டுக்குங்க."

ஆனால் விட்டுக்கொடுத்தவருக்குப் பாராட்டுரை வேண்டாமா? பாராட்டுரைக்கு ஏற்புரை வேண்டாமா? எந்த விருந்தினரையும் மாலை போடாமல் அனுப்புவதில்லை என்பது எங்கள் மரபு. பஃபலோ ரோட்டுக்கு ஆளனுப்பி மல்லிகை மாலை வாங்கி வந்தோம். கழுத்து எது என்று தெரியாததால் கூடைக்கே போட்டோம். தலைவர் மறுபடி கீழே போய்ப் பேசிவிட்டு, முகமலர்ச்சியோடு வந்தார்.

கடைசியில் அந்த வரலாற்றுத் தீர்மானம் நிறைவேறியது. எறும்புத்தின்னி ஒரு 'தனி இனம்'; அதற்குத் தனி உட்குழு; மார்சிலிங் ஓடைக்கரை மரங்கள் 'என்றென்றும்' பாதுகாக்கப்படும். முன்மொழிந்தவர் மருதப்பன். எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. புதிய உட்குழுவுக்கு மனோரஞ்சிதம் டீச்சரே தலைவரானார். அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன். தம் சொந்த லாரியிலேயே எல்லோரையும் அழைத்துப்போவதாகத் தலைவர் சொன்னபோது என் கண்ணும் கலங்கியது.

புக்கிட் தீமா ரோடு வழியாக வடக்கே போனோம். டீச்சர் முன்னால் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்திருந்தார். வழியெல்லாம் குனிந்து அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

மார்சிலிங் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அங்கே தரை மிக நேர்த்தியாக இருந்தது. பூப்பந்து மைதானம்போல் சமமாக, சிவப்பாக, எல்லாப் பக்கமும் பார்வை தடையில்லாமல் போயிற்று. ஓடை இருந்த இடத்தில் ஈரமண் கொட்டி உருட்டியிருந்தார்கள். ஓரமாகப் புல்டோசர்கள் இன்னும் சூடு ஆறாமல் நின்றன. மண்டோர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டீச்சர் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தீர்மானத்துல ஓடைக்கரை மரம்னுதானே போட்டோம்," என்றார் பரமசிவம் மெதுவாக. "இங்க ஓடையும் இல்ல, மரமும் இல்ல. எதைப் பாதுகாக்கிறது?"

கஃபார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை.

தலைவர் மருதப்பன் என்னருகே வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷப் பொதுவாழ்வில் யாரும் என்னை அவ்வளவு மனமாரப் பாராட்டியதில்லை.

"நல்ல வேளை, செயலாளர், கூட்டத்தை நீங்க சாயந்திரம் வரைக்கும் நடத்திக் குடுத்தீங்க. இல்லன்னா இந்த டீச்சர் மத்தியானமே திரும்பி வந்து மரத்துக்கு முன்னால நின்னிருப்பாங்க."