செய்யி கெடுத்தது, பொய்யி காத்தது

கையில் நன்றாக ஊறிவிட்ட ஒரு வேலையை எப்படிச் செய்கிறாய் என்று யாராவது கேட்டால், வாயை மூடிக்கொள்வது நல்லது. நான் மூடவில்லை. (எனக்கு அந்தப் பழக்கம் எப்போதுமே கிடையாது.)

திருத்தணி வாலிபால் அணியில் சர்வீஸ் போட நம்மை விட்டால் ஆளில்லை என்று நான் காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்த நேரம். நகரி அணியோடு இறுதிப் போட்டி. கல்யாணமான புதிது, மனைவி முதன்முறையாக என் ஆட்டத்தைப் பார்க்க வருகிறாள். "கப்போடதான் வீட்டுக்கு வருவேன், பாரு" என்று அவளிடம் சவால் விட்டிருந்தேன்.

ஆட்டத்துக்கு முன்னால் நகரி கேப்டன் வந்து பணிவாகத் தெலுங்கில் கேட்டான்: "அன்னா, செய்யி எட்ல திப்புதாவு?" கையை எப்படித் திருப்புகிறாய் என்கிறான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை என்று பிரித்துப் பிரித்துப் பாடம் நடத்தினேன்.

வினை அங்கேதான். அதன் பிறகு சர்வீஸ் போடும்போதெல்லாம் மனசு பந்தை விட்டுவிட்டு மணிக்கட்டையே பார்த்தது. ஒரு பந்து வலையில். இன்னொன்று, முன்னால் நின்ற எங்கள் பாவாவின் பிடரியில். (அக்கா வீட்டுக்காரர். ஆட்டத்துக்குப் புதுசு.)

"இன்னாடா, எதிரி அந்தாண்ட இருக்கான்" என்றார், பிடரியைத் தடவிக்கொண்டே.

கடைசி செட். நகரி ஜெயிக்க இன்னும் ஒரே புள்ளி. எங்களுக்கோ ஒரு கொத்தே வேண்டும். சர்வீஸ் என் முறை. கண் மறுபடி மணிக்கட்டுக்கே போனது. அப்போது கோட்டுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல்.

"ஏங்க, பால அடுப்புல வெச்சீங்களே, அணைச்சீங்களா?"

அணைத்தேனா? பால் பொங்குகிறது, தீய்கிறது, சமையலறை முழுக்கப் புகை. விசில் ஊதியதும் கை தன்பாட்டுக்கு அடித்தது. பந்து எதிர்மூலையில் போய் விழுந்தது. சிலிண்டரை நினைத்தேன், இன்னொரு புள்ளி. வீட்டுச் சொந்தக்காரர் முகத்தை நினைத்தேன். அதற்கும் ஒரு புள்ளி. கடைசிப் பந்தும் விழுந்து, ஜெயித்த கையோடு என்னைத் தூக்க எல்லோரும் ஓடிவந்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு நான் வீட்டைப் பார்த்து ஓடினேன்.

பால் பச்சையாகவே இருந்தது. போட்டி நினைப்பில் நான் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

மனைவி பின்னாலேயே மூச்சிரைக்க வந்தாள். "கப்போட வருவேன்னு சொன்னது நீங்க. தூக்கிகினு வந்தது நானு" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த போட்டியில் பாவாவும் இதே வைத்தியத்தைச் செய்துபார்த்தார். அக்காவை "அடுப்பு, அடுப்பு" என்று கத்தச் சொல்லிவிட்டு அடித்தார். பந்து பஜ்ஜிக் கடைக்குப் போனது. கை பழகாதவர் கையைப் பார்த்துத்தான் போட வேண்டும் போலிருக்கிறது.

வெற்றிப் புகைப்படத்தில் நான் இல்லை. ஓரத்தில் ஒரு முதுகு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் வீட்டில் பெரிதாக மாட்டி வைத்திருக்கிறோம். இப்போதும் நகரியோடு ஆட்டம் என்றால், அந்த கேப்டன் என் பக்கமே வருவதில்லை. நேராக என் மனைவியிடம் போய்க் கைகூப்புகிறான்.

"அக்கா, பொய்யி மாட்ட எத்தொத்து."

பொய்யி என்றால் அவன் பாஷையில் அடுப்பு. அடுப்புப் பேச்சை மட்டும் எடுக்காதே என்கிறான்.