காதைத் தொட்டால் கதவு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்காரர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு சதித்திட்டம் தீட்டினார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனிதர் அவர். ஆறு நாள் ஊரார் கண்ணுக்கு உழைத்துவிட்டு, ஏழாம் நாள் தன் கண்ணைக் கொஞ்சம் சொருகவிட ஆசைப்படுவார். அதற்கு இடமும் பார்த்து வைத்திருந்தார். தெருக்கோடிப் பூங்காவில், குளத்தைப் பார்த்த பச்சை பெஞ்சு. அங்கே உட்கார்ந்தால் தண்ணீருக்குள் மேகம் போகும். மேகத்துக்குள் வாத்து போகும். கொஞ்ச நேரத்தில், தான் உட்கார்ந்திருக்கிறோமா மிதக்கிறோமா என்பதே அவருக்கு மறந்துவிடும்.

குறுக்கே நின்றது மனைவி ஒருத்திதான். முப்பது கட்டில் வார்டைக் கண்ணசைவில் நடத்துகிற தலைமை நர்ஸ்.

"என்னங்க, இன்னிக்குப் பரண்."

"பரணுக்கு என்னவாம்?"

"மூச்சு முட்டுதாம். ஏறி ஒழிச்சுக் குடுங்க."

அந்தக் கோட்டையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. நாய். மகாராணி என்று பேர். அது வாசல் கதவருகே போய் முனகினால் போதும், மனைவி பதறிப்போவாள். "ஐயோ, தரைவிரிப்பு! உடனே கூட்டிட்டுப் போங்க!" மகாராணி அதிகம் முனகுவதில்லை என்பதுதான் அவர் குறை.

மறுநாளே ஒரு பயிற்சியாளரைப் பிடித்தார். காவல்துறை மோப்ப நாய்களைப் பதினைந்து வருஷம் பழக்கிய அம்மாள். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'.

"நான் காதைத் தொட்டா நாய் கதவுகிட்ட போய் முனகணும், மாஸ்டர்."

"எதுக்கு சார்?"

"சும்மா. ஒரு ஒழுங்குக்கு."

மனைவி பகல் டியூட்டிக்குப் போகும் நாட்களில், கடையில் அரை நாள் லீவு போட்டு, காரியத்தைக் காதும் காதும் வைத்தமாதிரி ஆரம்பித்தார். காது தொடப்பட்டது. மகாராணி கதவருகே போனது. கண்ணாடிக்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் கற்றையில் தூசி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ மேலே உட்கார்ந்து பொன்னைச் சலிக்கிற மாதிரி.

"சார்! பிஸ்கட்!"

"ஆங்?"

"அது கதவைத் தொட்ட நொடியே கையில பிஸ்கட் இருக்கணும். நீங்க ஜன்னலைப் பார்த்துட்டு நின்னு அப்புறம் குடுத்தா, ஜன்னல் பார்க்குறதுக்குத்தான் பிஸ்கட்னு அது நெனச்சுக்கும்."

அப்படித்தான் நினைத்தது. முதல் வாரம் முழுக்க எஜமானரும் நாயும் அக்கம்பக்கமாக நின்று ஜன்னலைப் பார்த்தார்கள். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாம் வாரம் தேர்வு வைத்தார்.

"நாய் பாஸ். நீங்க ஜஸ்ட் பாஸ். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. இந்த சைகை வீட்ல எல்லாருக்கும் தெரியணும், இல்லேன்னா அது குழம்பிடும். மேடம்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிடறேன்" என்றார். சொல்லவில்லை.

அதன் பிறகு நான்கு ஞாயிறுகள் பொற்காலம்.

"என்னங்க, பரண்..."

காதில் கை. கதவருகே முனகல்.

"அடடா, பாவம்! போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க!"

பெஞ்சில் உட்கார்ந்து அவர் மிதந்தார். மகாராணி அவர் செருப்பின்மேல் தலை வைத்துத் தூங்கியது. ஊருக்கெல்லாம் தூரப்பார்வையைச் சரிசெய்கிற மனிதருக்கு, தன் வீட்டில் ஒருத்திக்குத் தூரப்பார்வை எவ்வளவு கூர்மை என்று தெரியவில்லை.

ஐந்தாம் ஞாயிறு.

"என்னங்க, பரண்."

அவர் கை பாதி தூரம்தான் போயிருக்கும். அதற்குள் மனைவி, தோட்டைச் சரிசெய்கிறவள்போலத் தன் காதைத் தொட்டாள். மகாராணி எழுந்து கதவருகே போய் அழகாக முனகியது.

"அடடா, பாவம். நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க ஏறுங்க."

"நீ... எப்படி..."

"வியாழக்கிழமை உங்க மாஸ்டர் வந்தாங்க, நாய் ஒழுங்கா செய்யுதான்னு பார்க்க. எனக்கு அன்னிக்கு லீவு. வீட்ல எல்லாருக்கும் தெரியணுமாமே?"

ஏணி வந்தது. ஏறினார்.

பரணில் ஒரு சின்னக் காற்றுத்துளை. அதன் வழியே பார்த்தால் பூங்கா, குளம், பச்சை பெஞ்சு. பெஞ்சில் மனைவி. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, வெறும் கையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சும்மா உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. கோபப்படலாம் என்றுதான் எட்டிப் பார்த்தார். கோபம் வரவில்லை. பழைய பெட்டி ஒன்றின்மேல் தாடையை வைத்துக்கொண்டார். தண்ணீரில் மேகம் போனது. அதன் பின்னாலேயே அவரும் போய்விட்டார்.

"என்னங்க!"

கீழே குரல் கேட்டுத்தான் திரும்பிவந்தார். அவள் முகம் அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தை முகம்போலிருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் ஆசையாக.

"மேகத்துக்குள்ள வாத்து போகுதுங்க" என்றாள் கனவில் பேசுகிறவள் மாதிரி. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "பரண் முடிஞ்சுதா?"

ஒரு பெட்டிகூட நகரவில்லை. "பாதி..." என்று இழுத்தார்.

"பரவாயில்ல, மீதியை அடுத்த ஞாயித்துக்கிழமை வச்சுக்கோங்க" என்றாள் மனைவி. "நானும் குளத்துல பாதிதான் பார்த்து முடிச்சிருக்கேன்."