கேரியர் வைத்த ரேஸ் சைக்கிள்

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் தீனாவுக்கு, உன் அக்கா புருஷன் அருள்பிரகாசம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. எம்.கே.பி. நகரில் நீ, உன் சம்சாரம், பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? இங்கே நான் மட்டும் நலம். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் மட்டும் என்று எழுதினேன்.

உன் வீட்டுக்குப் போன் பண்ணினால் உன் அக்கா பூவம்மாவே எடுத்து "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறாள். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்ட குரல், எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம்.

நடந்ததைக் கேள். கன்டெய்னர் யார்டில் கேட் பார்க்கிற எனக்கு, மாற்றலாகிப் போன மேனேஜர் தன் ரேஸ் சைக்கிளைச் சும்மா கொடுத்தார். நானும் வாலிபன் ஆகிவிட்ட நினைப்பில் பழைய சைக்கிளைக் காயலான் கடையில் போட்டுவிட்டு இதில் ஏறினேன். சீட்டா அது, அரிவாள்மணை, மேலே வஞ்சிரம் வைத்தால் துண்டு விழும், ஹேண்டில் எங்கேயோ பள்ளத்தில் இருக்கிறது, குனிந்த தலை நிமிராமல் போகிறேன், தேரடிகிட்ட ஒருத்தன், "இன்னா நைனா, பல்செட்டு எதுனா வுயுந்துட்சா, தேடிகினே போற?" என்கிறான், பெல் இல்லாததால் அவனைத் திட்டக்கூட வாயைத்தான் திறக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, வழக்கம்போல காசிமேட்டுக்குப் போக உன் அக்கா மீன் கூடையோடு வந்து நின்றாள். பின்னால் கேரியர் இல்லை. "நான் எங்க குந்தறது?" என்றாள். "நீ குந்தினா ஸ்பீடு கொறஞ்சிடும், பஸ்ல வா" என்றேன். தமாஷுக்குத்தான் சொன்னேன் மச்சான். என் எல்லா தமாஷுக்கும் திட்டுறவ, அன்னைக்குத் திட்டல. கூடையைக் கீழே வெச்சா. மத்தியானம் உன் வூட்ல இருந்தா. நாற்பது நாளாச்சு.

நிற்க. இடுப்பு வலி தாங்காமல் சைக்கிளைத் தண்டையார்பேட்டை சாலமன் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "குதிரைய இட்டாந்து எருமையா மாத்துன்றியே மாமு!" என்று தலையில் அடித்துக்கொண்டான். இப்போது அகல சீட்டு, அடியில் ஸ்பிரிங், நெஞ்சுக்கு நேராக ஹேண்டில், மட்கார்டு, பெல், ஸ்டாண்டு. கேரியரும் உண்டு, டிபன் பாக்ஸ் வைக்க. அதன் மேல் பஞ்சு மெத்தை எதற்கு என்று கேட்காதே, டிபன் பாக்ஸ் குலுங்கக் கூடாது. எல்லாம் என் உடம்பு சுகத்துக்காகச் செய்தது. உன் அக்கா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நான் ஜாலியாக இருக்கிறேன். நேத்துகூட சுவத்துல இருந்த பல்லிய அரை மணி நேரம் கிண்டல் பண்ணேன். அது வாலைக்கூட ஆட்டல.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் சம்சாரத்துக்கு என் மரியாதையைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் மாமா அருள்பிரகாசம்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டாதே, இதை மட்டும் படி. எனக்கு இடுப்பு வலியே கிடையாது. அந்தச் சைக்கிள் சும்மா பறந்துச்சு, யார்டுலருந்து வூட்டுக்குப் பத்தே நிமிஷம். அவ்ளோ சீக்கிரம் வந்து, பூட்டத் தொறந்து, நான் இன்னா பண்றது பூவு?