உப்பில்லாத தட்டு எங்கே போனது

இதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட அதற்கு என்ன சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வார்கள். 1970களில் என் மாமனார் மாரடைப்பிலிருந்து பிழைத்து எழுந்தபோது, எங்கள் இரும்புலியூர் வீட்டுக்கு அப்படி வந்தவர்கள் ஏராளம். உப்பும் நெய்யும் ஆகாது என்றார் டாக்டர். பூண்டுதான் மருந்து என்றார் எதிர்வீட்டு வாத்தியார். பூண்டே கூடாது என்றார் அவர் மனைவி. புதிதாகக் கல்யாணமாகி வந்த நான் எல்லாருக்கும் தலையாட்டினேன். (கழுத்து வலித்ததே தவிர ஒன்றும் புரியவில்லை.)

அந்தக் குழப்பத்தில்தான் நாத்தனார் வசந்தியைப் பெண் பார்க்க ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்தார்கள். பையனை அவள் தினமும் ஸ்டேஷனில் பார்த்திருக்கிறாள். ஒரு வாரமாக அவள் முகத்தில் யாரோ விளக்கேற்றி வைத்திருந்தார்கள். மாமியார் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "அவருக்கு ஹார்ட்னு மூச்சு விட்டுடாதே. பரம்பரை வியாதின்னு எழுந்து போயிடுவாங்க. போன இடம் அப்படித்தான் போச்சு."

ஆக, மாமாவும் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஆனால் எல்லாரும் சாப்பிடுவதைச் சாப்பிடக் கூடாது. எண்ணெயில்லாத பஜ்ஜிக்கு வேஷம் கட்ட முடியாது. அதனால் உப்புமா, கேசரி. மாமாவுக்கு மட்டும் உப்பில்லாத உப்புமா, நெய்யில்லாத கேசரி. எல்லாம் ஒரே அச்சு எவர்சில்வர் தட்டுகள். அடையாளம் என் மூளையில் இருந்தது. (அதைத்தான் நம்பியிருக்கக் கூடாது.)

மாமா கையில் அவர் தட்டைச் சரியாகத்தான் கொடுத்தேன். அவர் விருந்தோம்பலின் அவதாரம். "முதல்ல நீங்க" என்று அதைப் பையனின் அப்பாவிடம் நீட்டினார். அவர் "இருக்கட்டும் சார்" என்று மனைவியிடம் தள்ளினார். மனைவி மகனிடம். மகன் மரியாதையாக மறுபடி மாமாவிடம். அதற்குள் இன்னும் மூன்று தட்டுகள் கிளம்பியிருந்தன. மரியாதை ஒரு ராட்டினம்போல் கூடத்தைச் சுற்றியது. அது நின்றபோது எது எது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா கண்களை மூடிக் கேசரியை ருசித்தார். உதட்டோரம் ஏதோ மினுங்கியது. நெய்யா, வெயிலா? என் நாக்கு என்னைக் கேட்காமலே பேசியது: "மாமா, அதைச் சாப்பிடாதீங்க."

பையனின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். "ஏம்மா, பல்லி கில்லி விழுந்துடுச்சா?"

பல்லி என்றால் மானம் போகும், இதயம் என்றால் கல்யாணம் போகும். "பல்லி இல்லைங்க. மாமாவுக்கு ஹார்ட் அட்டாக்."

பையன் பாய்ந்து வந்து மாமாவை நாற்காலியோடு தூக்கினான். அவன் அப்பா பின்கால்களைப் பிடித்தார். ஸ்பூனை விடாத மாமா, "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, இறக்குப்பா" என்றார்.

"பேசாதீங்க சார். மூச்சு வாங்கும்."

வாசல் கேட்டருகில் நான் ஓடிப் பிடித்தேன். "இப்ப இல்லைங்க."

"பின்ன எப்ப?"

"ஆடி மாசம்."

நாற்காலி மெல்லத் தரையிறங்கியது. அது ஐப்பசி. ஒரு மின்சார ரயில் நிதானமாகக் கடந்து போனது. மாமியார் தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பையனின் அப்பா மூச்சிரைக்க மகனைப் பார்த்தார். "என்னடா சொல்றே?"

அவன் சட்டையெல்லாம் ரவை. "தூக்கியாச்சுப்பா. இனிமே எப்படி இறக்கி வெச்சுட்டுப் போறது?"

ஜன்னலுக்குப் பின்னால் வசந்தி சிரித்தது தெரு வரை கேட்டது.

தை மாதம் கல்யாணம். உப்பில்லாத தட்டை யார் சாப்பிட்டார்கள் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. கேட்டால் எல்லாரும் தங்களுடையது நன்றாகவே இருந்தது என்கிறார்கள்.

என் நிலைமைதான் பரிதாபம். போன வாரம், வசந்தி குடும்பத்தோடு வந்திருந்தபோது, கை வேலையாக இருந்ததால், "பால் பொங்குது, யாராவது அணைங்க" என்று குரல் கொடுத்தேன். கூடத்திலிருந்து நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்டன: "இப்பவா, ஆடியிலயா?"

பதில் சொல்வதற்குள் அடுப்பு அணைந்துவிட்டது, பாலால்.