முப்பது வருஷம் போர்த்திய போர்வை

கொடியில் கிடந்த போர்வை பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்ததுமே தையல்காரி உள்ளே ஓடினாள்.

"அத்தை! இதை யாரு தொட்டது?"

"நான்தான்" என்றார் மாமியார். "சோப்புல ஊறவச்சு அடிச்சுத் துவைச்சேன். பதினாலு கிழிசல்! அத்தனையும் தச்சுட்டேன். தையல்காரி வீட்டுத் துணி இப்படியா இருக்கும்? நாலு பேர் பார்த்தா சிரிக்க மாட்டாங்க?"

தையல்காரி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அந்தப் பதினாலு கிழிசலையும் கிழிக்க அவளுக்கு ஐந்து நாள் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடச் சீருடையும் தலையணை உறையும் தைத்தே பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு இப்போதுதான் ஒரு சினிமா வேலை வந்திருந்தது. குளிரில் நடுங்கிய ஒருவனுக்குத் தன் ஒரே போர்வையைக் கொடுத்த மகானின் கதை. டைரக்டர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்:

"மத்த பக்திப் படத்துல எல்லாம் மகான் இஸ்திரி போட்ட துணியில வருவாரு. தலைக்குப் பின்னாடி டியூப் லைட் எரியும். காடு மேடெல்லாம் நடந்த மனுஷன்மா அவரு! எனக்கு யதார்த்தம் வேணும். முப்பது வருஷம் போர்த்தின போர்வை வேணும். அது சரியா அமைஞ்சா, படத்துல வர்ற இருநூறு பேருக்கும் நீங்கதான் துணி."

செங்கல்லால் தேய்த்து, சேற்றில் புரட்டி, முப்பது வருஷத்தை ஐந்து நாளில் கொண்டுவந்திருந்தாள். மாமியார் அதை ஒரே ராத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார். பத்து மணிக்குப் படப்பிடிப்பு. இப்போது ஏழு.

முதலில் தையலைப் பிரிக்கப் பார்த்தாள். மாமியார் கை தையல், லேசில் விடுமா? வெடுக்கென்று இழுத்ததில் நூல் அப்படியே இருக்க, துணி கிழிந்தது. நட்டநடுவில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியே!" என்றார் மாமியார்.

அவரே உட்கார்ந்து அதற்கு ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். ஆனால் ஒட்டு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. நிறம் மங்கட்டும் என்று தையல்காரி போர்வையை டீத்தூள் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தாள். அவசரத்தில் டீத்தூள் கூடிவிட்டது. வெளியே எடுத்தபோது, கடையில் அன்றைக்குத்தான் வாங்கியதுபோல் அழகான பழுப்பில் மின்னியது.

"இந்த நிறம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் மாமியார்.

தையல்காரிக்கு அழுகை முட்டியது. அழுக்கு வேண்டுமென்றால் தெருதான் கதி என்று, போர்வையைப் பிழிந்து வாசலுக்கு வெளியே சாலையில் விரித்தாள். ஒரு லாரி ஏறிப் போனது. இரண்டு சைக்கிள்கள் போயின. ஒரு நாய் வந்து புரண்டுவிட்டுப் போனது. வெயிலிலும் காற்றிலும் காயக் காய, முப்பது வருஷம் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

போர்வையைக் காணோம்.

தெரு முழுக்க ஓடினாள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில், மார்பு வரை தாடி வளர்ந்த ஒருவன் அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ஓரத்தைப் பிடித்து இழுக்கப் போனாள். தூக்கத்திலேயே அவன் உடம்பு குளிரில் வெடவெடத்தது. கை தானாக நின்றுவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கணவனின் ஸ்வெட்டரை எடுத்து வந்தாள்.

"அண்ணே, இதைப் போட்டுக்கோங்க. அந்தப் போர்வையைக் குடுத்துடுங்க."

அவன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மேலே போர்வையையும் போர்த்திக்கொண்டான்.

"ரெண்டும் சேர்ந்தா இன்னும் நல்லா இருக்கும்மா."

"அது சினிமாவுக்குண்ணே! ஒரு மகான் போர்த்திக்கிட்டு வந்து, குளிர்ல நடுங்குறவனுக்குக் குடுக்கிற போர்வை."

அவன் விருட்டென்று எழுந்தான். "எங்கே எடுக்கிறாங்க? நானும் வர்றேன். அங்கே வந்து தர்றேன்."

மணி ஒன்பதரை. வேறு வழியில்லை. போர்வையோடு ஆளையும் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம், டைரக்டர் காலில் எப்படி விழுவது என்று யோசித்துக்கொண்டே போனாள்.

டைரக்டர் அந்த ஆளை மூன்று தடவை சுற்றி வந்தார். போர்வையைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், இருமினார்.

"இதுதான்யா போர்வை!" என்று கத்தினார். "அந்த ஒட்டைப் பாருங்க. யாரோ ஒரு பக்தை, பாசத்தோட தச்சுக் குடுத்த மாதிரியே இருக்கு!"

"எங்க அத்தை தச்சது சார்" என்றாள் தையல்காரி.

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க. இருநூறு பேர் துணிக்கு ரெண்டு பேராவது வேணாமா?"

தையல்காரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டைரக்டரின் பார்வை இப்போது போர்வையை விட்டு ஆளின் மேல் போனது. அந்தத் தாடி, அந்த ஒட்டிய கன்னம், அந்த நடுங்கும் கை.

"ஐயா, நடுங்குறவன் வேஷத்துக்கு உங்களை மாதிரி ஒரு முகத்தை எங்கேயும் பார்த்ததில்லை. நடிக்கிறீங்களா? பயப்படாதீங்க, நானே சொல்லித் தர்றேன்."

அந்த ஆள் அவரையே உற்றுப் பார்த்தான். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டே சொன்னான்:

"சார், இந்த வேஷத்துக்கு என்னைத்தானே எடுத்தீங்க! யதார்த்தமா இருக்கணும், போனைக் குடுத்துட்டுத் தெருவுல போய் இருந்து பழகு, ஷூட்டிங் அன்னைக்கு நானே வந்து கூப்பிடுறேன்னு சொல்லி அனுப்பி இன்னையோட அஞ்சு மாசம் ஆச்சு!"