எலித் தம்பதி டிவி எடுக்கப் போன கதை

ஒரு காட்டில் ஒரு நல்ல பாம்பு இருந்தது. நல்ல என்பது இனத்தின் பெயர். குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாகலிங்கம் என்ற அந்தப் பாம்பு இரை தேடி அலைந்து அலுத்துப்போய், புற்றை இடித்துக் கட்டி டிவிக் கடை போட்டது. வாசலில் 'இங்கே நல்ல படம் எடுக்கும்' என்று போர்டு வைத்தது. படித்தவர்கள் எல்லாம் டிவியைத்தான் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். இரை தன் காலாலேயே நடந்து வந்தது.

ஆனால் சிங்க ராஜா போட்ட சட்டம் ஒன்று இருந்தது. கடைக்கு வந்தவர் எது வேண்டும் என்று சொல்லாதவரை அவர் வாடிக்கையாளர். அவர்மேல் பல் படக்கூடாது. சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் வெறும் எலியோ தவளையோதான். குடும்பமாக வந்தால் குடும்பமே ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். மீறினால் தோலை உரித்துவிடுவார்கள். பாம்புக்குத் தோல் உரிவது புதிதில்லை. ஆனாலும் தானாக உரிவது வேறு, பிறத்தியார் உரிப்பது வேறு.

நாகலிங்கத்தின் கடையில் இரண்டே டிவிகள். இரண்டும் முழு எச்.டி. காலையில் ஒரு தவளைத் தம்பதி வந்தது. பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிவைத்த ஜோடி.

"உங்களுக்கு எது பிடிக்குதோ அதுதான் எனக்கும்" என்றாள் மனைவி.

"அப்ப இடது பக்கம் இருக்கறதே போதும்" என்றான் கணவன்.

"ஆமாங்க, அதே போதும்."

டெலிவரி உள்ளே என்று சொல்லி அழைத்துப் போனது பாம்பு. அருமையான ஜோடி. நினைத்தால் எனக்கே மனசு கேட்கவில்லை.

மத்தியானம் கொறிமுத்து என்ற எலியும் அவன் மனைவி பொந்தாயியும் வந்தார்கள். பொந்தாயியின் நாத்தனார் வீட்டில் போன வாரம் டிவி வந்துவிட்டது. இனி சும்மா இருக்க முடியாது.

"வாங்கண்ணே, வாங்கக்கா" என்றது பாம்பு. "படம் விஷயத்துல எங்க பரம்பரையை மிஞ்ச ஆளில்ல. எது வேணும்னு மட்டும் சொல்லுங்க."

கொறிமுத்து இரண்டையும் பார்த்தான். இடதுபக்க டிவியில் ஒரு தேங்காய் மூடி வந்தது. "இதுதான். தேங்காய்ல ஈரம்கூடத் தெரியுது."

அடுத்து அதே டிவியில் ஒரு பூனை வந்தது. பொந்தாயி அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். "என்னங்க, மீசை ஒவ்வொண்ணாத் தெரியுதுங்க. இதை வளையில வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்கறது? வலது பக்கமே எடுங்க. அதுல பூனை கொஞ்சம் மங்கலா வருது."

"மங்கலாப் பார்க்கறதுக்கா எச்.டி. வாங்கறோம்?"

"பயந்து சாகறதுக்கா வாங்கறோம்?"

பாம்பு பொறுமையாக இருந்தது. கொறிமுத்து பக்கவாட்டில் நின்று பார்த்தான். பொந்தாயி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ரிமோட்டில் எது கொறிக்க வாகாக இருக்கிறது என்று இருவரும் சோதித்தார்கள். இரண்டிலும் காட்டு அருவி ஓடியது. வாசலுக்கு வெளியேயும் அதே அருவிதான் ஓடியது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதைவிட டிவியிலதான் நல்லா இருக்கு" என்றார்கள். அதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

பொழுது போனது. மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். வேறு யாரும் கடைக்குள் வர முடியவில்லை. இவர்கள் போட்ட சண்டையில் வந்தவர்களெல்லாம் வாசலோடு திரும்பிப் போனார்கள். தவளைகள் எப்போதோ செரித்துவிட்டன. பசியில் பாம்புக்கு எரிச்சல் வந்து, சர்ரென்று எழும்பிப் படம் எடுத்தது.

"அட, இது எந்த மாடல்?" என்றாள் பொந்தாயி. "இதை முதல்லயே காட்டலியே. பெட்டியில வச்சுத் தருவீங்களா?"

பெட்டி என்றதும் பாம்புக்கு மகுடிச் சத்தம் காதில் கேட்டது. படம் சுருங்கிவிட்டது.

"வேண்டாம்மா" என்றான் கொறிமுத்து. "எடுத்த உடனே ஆஃப் ஆகுது."

பாம்பு தரையில் தலையைச் சாய்த்தது. பொய் சொல்லத் தெம்பு இல்லை. "அண்ணே, சத்தியமாச் சொல்றேன். ரெண்டும் ஒண்ணுதான். ஒரே கம்பெனி, ஒரே சாமான். மேல ஒட்டின ஸ்டிக்கர்தான் வேற."

கொறிமுத்து மனைவியின் காதில் சொன்னான்: "கடைக்காரர் இவ்வளவு அடிச்சுச் சொல்றார்னா பெரிய வித்தியாசம் இருக்கு."

நின்று நின்று அவனுக்குக் கால் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் பொந்தாயிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. என்ன சண்டை போட்டாலும் அவள் அவனை நேசித்தாள். "போகட்டுங்க. உங்க ஆசைப்படி இடது பக்கமே எடுத்துக்கலாம். பூனை வந்தா நான் கண்ணை மூடிக்கறேன்."

பாம்பு தலையைத் தூக்கியது. வாய் தானாகத் திறந்தது. ஒரு 'சரி' வந்தால் போதும்.

கொறிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்க, நான் தேங்காய் பார்க்கறதா? அப்படி ஒரு தேங்காய் எனக்கு வேண்டாம். வலது பக்கமே எடுப்போம்."

"இல்லைங்க, இடதுதான்."

"நான் சொல்றதைக் கேளு. வலது."

"எனக்காக ஒண்ணும் நீங்க விட்டுக்கொடுக்க வேண்டாம்."

"யாரு விட்டுக்கொடுத்தா? நீதான் முதல்ல ஆரம்பிச்சே."

முன்பைவிடப் பெரிய சண்டையாகிவிட்டது. இப்போது அவன் வலதுக்கும் அவள் இடதுக்கும் கத்தினார்கள். பாம்பின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

கடைசியில் இருவரும் களைத்துப்போய் வாசலுக்கு நடந்தார்கள். பொந்தாயி திரும்பிப் பார்த்து, நல்ல மனசோடு சொன்னாள்: "கலந்து பேசிட்டு நாளைக்கு வந்து சொல்றோம் அண்ணே."

காட்டில் எல்லாரும் பாம்பு பசியால் செத்தது என்கிறார்கள். அது தப்பு. பசியை அது இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்.

நீதி: கணவனும் மனைவியும் ஒரே மனதாக இருந்தால் பாம்புக்கு நல்லது.